வடகிழக்குப் பருவமழையும் ஒரு தாழ்ந்த காரும்

என் காரைப் பார்ப்பவர்கள் அது எவ்வளவு வேகம் போகும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அக்டோபர் பிறந்துவிட்டால் எனக்குள் ஓடும் கேள்வி வேறு. தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கும்? எந்த மணிக்கு நிற்கத் தொடங்கும்? அதற்குள் காரை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது? சென்னையில் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் எவருக்கும் தண்ணீரைப் பற்றிய அறிவு முதலில் வேண்டும். வேகமெல்லாம் அதற்குப் பிறகு.

என்னுடையது போர்ஷே பாக்ஸ்டர். 2005 முதல் 2012 வரை வந்த 987 என்ற வரிசையைச் சேர்ந்தது. இரண்டே இருக்கை, துணிக்கூரை, இருக்கைகளுக்குப் பின்னால் ஆறு சிலிண்டர் எஞ்சின். பல ஆண்டுகள் சேமித்து, பழைய கார் சந்தையில் வாங்கினேன். அம்பத்தூரில் சிறு பட்டறை நடத்தும் எனக்கு வாழ்க்கையில் இதைவிடப் பெரிய ஆடம்பரம் கிடையாது. ஞாயிறு விடியலில் திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் கூரையைத் திறந்து ஓட்டும் அந்த ஒரு மணி நேரத்துக்காக வாரம் முழுக்க உழைக்கலாம் என்று உண்மையாகவே நினைக்கிறேன். அதனால் இந்தக் காரைப் பாதுகாப்பது பற்றி நான் கற்றதையெல்லாம் எழுதிவைக்க விரும்புகிறேன். பிஎம்டபிள்யூ இசட்4, ஆடி டிடி வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். வெறும் ஹேட்ச்பேக் வைத்திருப்பவர்களுக்கும் ஓரளவு உதவும்.

சென்னையில் புயல் என்றால் இரண்டு வகை. ஒன்று காற்றால் அடிப்பது, மற்றொன்று தண்ணீரால் அடிப்பது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா வந்தபோது காற்றுதான் எதிரி. ஆயிரக்கணக்கான மரங்கள் ஒரே பகலில் சாய்ந்தன. பெருங்கொன்றை, குல்மொஹர், தூங்குமூஞ்சி போன்ற, நிழலுக்காகத் தெருவோரம் நட்ட மரங்கள் வேரோடு வந்து கார்களின் மேல் விழுந்தன. புயலே இல்லாமல் பெருமழை கொட்டிய 2015 டிசம்பர் தொடக்கத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோதும் எதிரி தண்ணீர். மிக்ஜாம் நெல்லூரையும் தாண்டிப் போய் பாபட்லா அருகேதான் கரையைக் கடந்தது. ஆனாலும் இங்கே பல பகுதிகளில் இரண்டு நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. புயல் எங்கே கரையைக் கடக்கிறது என்பதை வைத்து நமக்கு ஆபத்து இல்லை என்று முடிவு செய்யக் கூடாது என்பதற்கு அதைவிட நல்ல சான்று தேவையில்லை.

இந்த வேறுபாடு காரை நிறுத்தும் இடத்தைத் தீர்மானிக்கிறது. காற்றுப் புயலுக்கு மரம், விளம்பரப் பலகை, மாடிப் பூந்தொட்டி, தளர்ந்த தகரக்கூரை எதுவும் எட்டாத இடம் வேண்டும். கீழ்த்தளத் தூண்களுக்கு நடுவே நிறுத்தினால் போதும். தண்ணீர்ப் புயலுக்கு அதே கீழ்த்தளம் பொறியாகிவிடும். என் காரின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் இடையே ஏறக்குறைய ஒரு கை விரித்த அகலம்கூடத் தேறாது. தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் என்றால் மற்றவர்கள் சிரமமில்லாமல் ஓட்டிப் போவார்கள். எனக்கு அது ஏற்கனவே அபாயக் கோடு.

ஆகவே எங்கள் வீட்டில் ஒரு விதி உண்டு. வானிலை ஆய்வு மையம் ஆரஞ்சு எச்சரிக்கை கொடுத்தவுடன், வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், கார் மேலே ஏறிவிட வேண்டும். சிவப்பு எச்சரிக்கைக்குக் காத்திருப்பதில்லை. அது வரும்போது சில சமயம் தெருவில் தண்ணீர் வந்துவிட்டிருக்கும். நண்பர் ஒருவரின் அலுவலகக் கட்டடத்தில் மூன்றாவது தளத்தில் வாகன நிறுத்தம் இருக்கிறது. மழைக்காலம் தொடங்கும் முன்பே கட்டட மேலாளரிடம் பேசி, தேவையான நாட்களுக்குக் கட்டணம் கட்டி ஓரிடம் உறுதிசெய்து வைத்துக்கொள்கிறேன். மிக்ஜாமின்போது சனிக்கிழமை மாலையே கார் அங்கே போய்விட்டது. திங்கட்கிழமை எங்கள் தெருவில் முழங்காலளவு தண்ணீர் நின்றபோது நான் வீட்டுக்காரர்களோடு சேர்ந்து கீழ்வீட்டுப் பெரியவரின் சாமான்களை மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன். காரைப் பற்றிய கவலை இல்லாததால்தான் மனிதர்களைக் கவனிக்க முடிந்தது.

இப்படி ஓர் உயர்ந்த இடத்தை ஜூலையிலேயே தேடி வைத்துக்கொள்ளுங்கள். 2024 அக்டோபரில் சிவப்பு எச்சரிக்கை வந்தபோது வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரத்தில் வரிசையாகக் கார்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவர்களின் பயம் எனக்கு நன்றாகப் புரிகிறது. முந்தைய ஆண்டு பட்ட அடி அப்படிப்பட்டது. ஆனால் மேம்பாலத்தில் காற்றுக்கு மறைப்பு எதுவும் இல்லை, கூட்டத்தில் யார் உரசிவிட்டுப் போனாலும் தெரியாது, ஆம்புலன்சுக்கு வழியும் குறுகிவிடும். வேறு வழியே இல்லாதவர்களுக்கான கடைசிப் புகலிடம் அது. வணிக வளாகங்களின் மாடி நிறுத்தங்களில் இரவு தங்க அனுமதிப்பார்களா, ஒரு நாளைக்கு எவ்வளவு, சரிவுப் பாதையில் தாழ்ந்த கார் அடி தட்டாமல் ஏறுமா என்பதையெல்லாம் வெயில் நாளில் நேரில் போய்ப் பார்த்துவிட வேண்டும். சரிவு தொடங்கும் இடமும் முடியும் இடமும்தான் சிக்கல். முன்பம்பரின் தாடையோ நடு வயிறோ அங்கேதான் உரசும்.

நிலத்தடி வாகன நிறுத்தம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மழை பெய்யும் வரை அதைப் போலப் பாதுகாப்பான இடம் இல்லை. வெயில் படாது, காக்கை எச்சம் விழாது. ஆனால் அங்கே தண்ணீரை வெளியேற்றுவது மோட்டார். புயலன்று மின்சாரம் நிறுத்தப்படும். ஜெனரேட்டர் சில சமயம் அதே நிலத்தடியிலேயே இருக்கும். பிறகு சரிவுப் பாதையே வாய்க்காலாகிவிடும். என் நண்பர் ஒருவரின் சிவப்பு நிற, இரண்டு இருக்கைக் கார் அப்படித்தான் மூழ்கியது. தண்ணீர் வடிந்த பிறகு அவர் வீட்டில் இல்லாத நேரத்தில், உதவும் எண்ணத்தில் உறவினர் ஒருவர் காரை மேலே எடுத்து வைக்கலாம் என்று ஸ்டார்ட் செய்துவிட்டார். ஒரு சத்தம், அவ்வளவுதான்.

அந்தச் சத்தத்துக்குக் காரணம் எளிது. எஞ்சின் சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலேறி அழுத்துவது காற்றையும் எரிபொருளையும். காற்று சுருங்கும். தண்ணீர் சுருங்காது. உறிஞ்சு குழாய் வழியாக உள்ளே வந்த தண்ணீர் சிலிண்டரில் நிற்கும்போது ஸ்டார்ட்டர் மோட்டார் எஞ்சினைச் சுழற்றினால், பிஸ்டன் அதன் மேல் மோதி நின்றுவிடும். இடையில் மாட்டிக்கொள்ளும் கனெக்டிங் ராடு, அதாவது பிஸ்டனை எஞ்சினின் சுழலும் தண்டோடு இணைக்கும் கம்பி, வளையும் அல்லது உடையும். ஓடிக்கொண்டிருக்கும்போதே தண்ணீரை உறிஞ்சினால் சேதம் இன்னும் பெரிது. பாக்ஸ்டரில் காற்றை உறிஞ்சும் வாய் முன்புறம் இல்லை. கதவுக்குப் பின்னால், பின்சக்கரத்துக்கு முன்னால் பக்கவாட்டில் இருக்கிறது. சற்று உயரம்தான். ஆனால் எதிரே ஒரு பஸ் வந்தால் எழும் அலை அந்த உயரத்தைச் சாதாரணமாகத் தொட்டுவிடும். நின்ற தண்ணீரின் ஆழத்தை மட்டும் பார்த்துக் கணக்கிடுவது போதாது.

தண்ணீர் ஏறிய காருக்குச் செய்ய வேண்டியது: சாவியைத் தொடாதீர்கள். தண்ணீர் எந்த உயரம் வரை வந்தது என்பது தெரியும்படி வெளியேயும் உள்ளேயும் படம் எடுங்கள். சேற்றுக்கோடு காய்ந்து துடைக்கப்படும் முன் எடுக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கு உடனே தகவல் கொடுங்கள். பாதுகாப்பாகக் கை எட்டுமானால் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றுங்கள். பிறகு தட்டுப் படுக்கை உள்ள ரீகவரி லாரியை வரவழைத்து, நான்கு சக்கரமும் மேலே இருக்கும்படி ஏற்றிக் கொண்டுபோக வேண்டும். சங்கிலி கட்டி இழுக்க வருபவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். ஒர்க்‌ஷாப்பில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிய பிறகுதான் எஞ்சினைக் கையால் சுழற்றிப் பார்ப்பார்கள். எஞ்சின் ஆயிலும் கியர் ஆயிலும் பால் கலந்த தேநீரின் நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். இருக்கைகளையும் தரைவிரிப்பையும் முழுமையாகக் கழற்றி உலர்த்தாத வேலை எதுவும் வேலையே இல்லை. மேலே தொட்டால் காய்ந்திருக்கும். அடியில் உள்ள பஞ்சு வாரக்கணக்கில் ஈரத்தை வைத்திருக்கும்.

காப்பீட்டில் பலர் ஏமாந்துபோகும் இடமும் இதுதான். முழுமையான வாகனக் காப்பீடு வெள்ளம், புயல் சேதத்தை ஏற்கிறது. ஆனால் தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்ததால் எஞ்சின் உடைந்தால், அதைப் பின்விளைவுச் சேதம் என்று வகைப்படுத்தி மறுத்துவிடுவார்கள். எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவைத் தனியாக வாங்கியிருந்தால்தான் அதற்குப் பணம் வரும். பழைய காருக்கு இந்தப் பிரிவை எல்லா நிறுவனங்களும் தருவதில்லை. தேய்மானக் கழிவு இல்லாத பிரிவும் அப்படித்தான். அது இல்லையென்றால் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்கள், டயர், பேட்டரி ஆகியவற்றின் விலையில் 50 சதவீதத்தை நாம்தான் தர வேண்டும். ஃபைபர் பாகங்களுக்கு 30 சதவீதம். கார் பத்து ஆண்டைத் தாண்டிவிட்டால் உலோகப் பாகங்களுக்கும் 50 சதவீதக் கழிவு உண்டு. ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட காரின் காப்பீட்டு மதிப்பு நமக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான பேச்சில் முடிவாகிறது. பிரீமியத்தில் சில ஆயிரம் மிச்சம் என்று அந்த மதிப்பைக் குறைத்துப் போட ஒப்புக்கொள்ளாதீர்கள். இறக்குமதியாகும் ஒரு முன்விளக்கின் விலையே அந்த மிச்சத்தை விழுங்கிவிடும். காரின் நல்ல நிலையைக் காட்டும் படங்கள், சர்வீஸ் ரசீதுகள், வாங்கிய டயர்களின் பில் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்திருப்பதால், சேதத்தை மதிப்பிட வரும் காப்பீட்டு சர்வேயரோடு நான் நடத்தும் பேச்சு எப்போதும் சுருக்கமாக முடிகிறது.

வெள்ளத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். துணிக்கூரைக் காரை மெல்ல மெல்லக் கெடுப்பது அதைவிடச் சிறிய ஒரு விஷயம், அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. வடிதுளைகளைச் சொல்கிறேன்.

கூரைத்துணியின் மேல் விழும் மழை இருபுறமும் ஓடி, கூரை மடங்கி உட்காரும் பள்ளத்தின் ஓரங்களில் இறங்கி, அங்குள்ள துளைகள் வழியாகக் குழாயில் இறங்கி, பின்சக்கரத்துக்கு முன்னால் கீழே வெளியேற வேண்டும். முன்கண்ணாடிக்குக் கீழேயும் பேட்டரி இருக்கும் பகுதியில் இப்படி வடிகால் உண்டு. கார் மழையில் நனைவது குற்றமில்லை, அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் வேப்பிலையும் பெருங்கொன்றைப் பூவிதழும் அந்தத் துளைகளில் விழுந்து, தூசியோடு சேர்ந்து ஊறிச் சேறாகி அடைத்துக்கொள்ளும். அடைத்தால் தண்ணீர் வழிந்து உள்ளே வரும். நேராக இருக்கைக்குக் கீழே போய்த் தேங்கும். அங்கேதான் தரையோடு ஒட்டி, திருட்டுத் தடுப்புக்கான மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கிறது. அது நனைந்தால் சாவியைக் கார் அடையாளம் காணாது. கதவுப் பூட்டு, அலாரம், ஸ்டார்ட் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் குழம்பும். மழையில் ஒருமுறைகூடத் தெருவெள்ளத்தைப் பார்க்காத கார்கள்கூட இதனால் படுத்திருக்கின்றன.

செப்டம்பர் கடைசியில் நான் செய்யும் முதல் வேலை இதுதான். கூரையைப் பாதி திறந்த நிலையில் நிறுத்தி, ஓரங்களில் டார்ச் அடித்து, இலைகளைக் கையால் பொறுக்கி எடுத்துவிடுகிறேன். பிறகு ஒரு குவளைத் தண்ணீரை மெதுவாக ஊற்றி, கீழே எவ்வளவு விரைவில் வருகிறது என்று பார்க்கிறேன். ஊற்றிய வேகத்தில் வந்தால் சரி. தேங்கி நின்று துளித்துளியாக வந்தால், புல்வெட்டும் இயந்திரத்தில் போடும் மெல்லிய நைலான் கம்பியை நுழைத்து மெதுவாக ஆட்டிவிட வேண்டும். இரும்புக் கம்பி வேண்டாம், குழாயைக் கிழித்துவிடும். கம்ப்ரசர் காற்றை வேகமாக அடித்தால் குழாய் இணைப்பு உள்ளேயே கழன்றுபோகலாம். பிறகு அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று கண்டுபிடிக்கவே உள்பாகத்தைப் பிரிக்க வேண்டும். மழைக்காலம் முழுக்க இதை அவ்வப்போது திரும்பச் செய்கிறேன். மரத்தடியில் ஒரு மாலை நிறுத்தினாலும் மறுநாள் பார்த்துவிடுவேன். காருக்குள் ஏறும்போது வரும் வாசனையையும் கவனியுங்கள். புழுங்கிய ஈர நெடி வந்தால், கண்ணாடியின் உட்புறம் காலையில் வியர்த்திருந்தால், தரைவிரிப்பின் அடியில் கையை விட்டுப் பாருங்கள்.

முன்பம்பரின் இரு மூலைகளிலும் ரேடியேட்டர்கள் இருக்கின்றன. காற்றுவாய் வழியாக இலை, பிளாஸ்டிக் உறை, சாலைத் தூசி எல்லாம் உள்ளே போய் ரேடியேட்டருக்கும் ஏசி கண்டென்சருக்கும் நடுவே மெத்தையாகப் படிந்துவிடும். மழை ஈரம் அதை எப்போதும் நனைத்தே வைத்திருப்பதால் அலுமினியத் தகடுகள் அரிக்கும். கடலோரம் குடியிருப்போருக்கு உப்புக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை பம்பரைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்கிறேன். கூலி கொஞ்சம்தான். கண்டென்சர் ஒன்று ஓட்டையானால் ஆகும் செலவு அதைப்போலப் பல மடங்கு.

கூரைத்துணிக்கு இரண்டு விஷயம் கண்டிப்பாகச் சொல்வேன். ஈரமாக இருக்கும்போது மடிக்காதீர்கள். மடிப்புக்குள் பூஞ்சை பிடித்தால் கறை போகாது. அடுத்தது, பிரஷர் வாட்டர் பீச்சியைத் துணியின் பக்கமும் கண்ணாடி ஒட்டும் தையலின் பக்கமும் கொண்டுபோக விடாதீர்கள். மென்மையான தூரிகை, வெதுவெதுப்பான தண்ணீர், துணிக்கூரைக்கென்று விற்கும் சோப்பு போதும். ஆண்டுக்கு ஒருமுறை, அக்னி நட்சத்திரம் முடிந்த பிறகு, நீர் ஒட்டாமல் செய்யும் ஸ்ப்ரேயை அடித்து நிழலில் உலர்த்துகிறேன். வெயில் காலத்தில் அடித்தால் அந்த வெயிலே அதைத் தின்றுவிடுகிறது. கதவோர ரப்பர்களுக்குச் சிலிக்கான் வகைப் பூச்சு நல்லது. கிரீஸ், வாசலின் போன்றவை ரப்பரை உப்பச் செய்யும்.

சென்னையின் ஆழ்குழாய்த் தண்ணீர் பெயின்டுக்குப் பகை. கடினமான தண்ணீர் என்பதால் வெயிலில் காய்ந்ததும் வெள்ளைப் புள்ளிகள் விழும், அடர்நிறக் காரில் கண்ணை உறுத்தும். ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீரில் கார் கழுவலாம் என்று அக்கறையோடு சொல்வார்கள். தண்ணீர்ச் சிக்கனம் உயர்ந்த எண்ணம், ஆனால் அந்தக் கழிவுநீரில் உப்பு இன்னும் செறிந்திருக்கிறது. கடைசி அலசலுக்காவது குழாயில் வரும் குடிநீரில் ஒரு வாளி எடுத்து, உடனே மென்துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய் வந்தால் அடிப்பாகத்தையும் சக்கர வளைவுகளின் உட்புறத்தையும் அன்றே அலச வேண்டும். செராமிக் பூச்சு அடித்தால் எல்லாம் தீர்ந்தது என்று கடைக்காரர்கள் சொல்வதை நம்பாதீர்கள். அது தண்ணீரை வழுக்கச் செய்யும், கழுவுவதை எளிதாக்கும். கல் தெறித்து விழும் வடுவைத் தடுக்காது. அதற்கு ஒளிபுகும் தடிமனான படலம் ஒட்ட வேண்டும். முழுக் காருக்கும் செலவு செய்ய முடியாதவர்கள் முன்பம்பர், முன்மூடி, பக்கக் கண்ணாடிகள், பின்சக்கரத்துக்கு முன்னுள்ள பகுதி இவற்றுக்கு மட்டும் ஒட்டினாலே பெரும்பயன் கிடைக்கும்.

கார் உறை விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். கூரையுள்ள இடத்தில் தூய பருத்தி உறை. வெளியில் பிளாஸ்டிக் உறை போட்டால் உள்ளே ஆவி சிக்கிப் பெயின்ட் வெந்துபோகும். காற்றடிக்கும் நாளில் உறை படபடத்து, தூசியை உப்புத்தாள் போலத் தேய்க்கும். புயல் வரும்போது வெளியில் நிற்கும் காருக்கு உறையே இல்லாமலிருப்பது மேல்.

வாரக்கணக்கில் நிற்கும் காரில் பேட்டரி இறங்கும். அலாரம் எப்போதும் விழித்திருப்பதால் இது இயல்பு. இந்தக் காரில் பேட்டரி முன்மூடிக்கு உள்ளே இருக்கிறது, அந்த மூடியோ மின்சாரத்தால் திறப்பது. பேட்டரி முழுக்க இறங்கிவிட்டால் பேட்டரியை எட்ட வழியில்லை. இதற்கென்று உள்ளே ஃபியூஸ் பெட்டியில் வெளியே இழுக்கக்கூடிய ஒரு முனை வைத்திருக்கிறார்கள். அதில் வெளிப் பேட்டரியின் நேர்முனையை இணைத்து மூடியைத் திறக்கலாம். இதை இருட்டிலும் மழையிலும் முதல்முறையாகத் தேடக் கூடாது. கையேட்டைப் படித்து, ஒரு விடுமுறை நாளில் செய்து பார்த்துவிடுங்கள். சட்டமில்லாத கதவுக் கண்ணாடி என்பதால், கதவைத் திறக்கும்போது கண்ணாடி சற்று இறங்கி வழிவிடும். மின்சாரம் இல்லாதபோது அது இறங்காது, வலிந்து இழுத்தால் ரப்பரும் கண்ணாடியும் பாழ். எனக்கு வீட்டு நிறுத்தத்தில் ஒரு பிளக் பாயின்ட் இருக்கிறது. தானாக நிறுத்திக்கொள்ளும் சிறிய சார்ஜரை மாட்டிவிடுகிறேன்.

மழை வந்தால் எலியும் பெருச்சாளியும் வறண்ட, கதகதப்பான இடம் தேடி வரும். எஞ்சின் பகுதியைவிட அவற்றுக்கு வேறென்ன வேண்டும்? புகையிலைக் காம்பைக் கட்டி வைப்பது நம்மூர்ப் பழக்கம். அது ஓரளவு பயன்படுவதை என் பட்டறை வண்டிகளில் பார்த்திருக்கிறேன். ஆனால் சூடாகும் புகைக்குழாயின் பக்கத்தில் காய்ந்த எதையும் வைக்காதீர்கள். பாக்ஸ்டரில் எஞ்சின் கண்ணுக்குத் தெரியாமல் மூடிக்கிடப்பதால் என்ன நடக்கிறது என்று பார்க்கவே முடியாது. காரைச் சுற்றி உணவுத் துணுக்கு இல்லாமல் வைப்பது, இரவில் அந்த மூலையில் விளக்கெரிப்பது, சில நாட்களுக்கு ஒருமுறை காரை எடுத்து ஓட்டுவது, இந்த மூன்றும்தான் எனக்குப் பலன் தந்தவை.

ஓட்டும்போது வரும் ஆபத்துகளில் டயரை முதலில் வைப்பேன். சட்டப்படி பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டர் இருந்தால் போதும். அகலமான டயரும் எடை குறைந்த முன்பகுதியும் உள்ள காரில் 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனாலே மழையில் டயர் தண்ணீரின் மேல் மிதக்கத் தொடங்கும். ஸ்டீயரிங் திடீரென்று கனமிழந்தால் மிதக்கிறது என்று அர்த்தம். பிரேக்கை மிதிக்காமல், ஸ்டீயரிங்கைத் திருப்பாமல், காலை ஆக்சிலரேட்டரிலிருந்து மெதுவாக எடுங்கள். குறைவாக ஓடும் கார்களில் பள்ளம் தேயும் முன்பே ரப்பர் முதுமையடைந்து இறுகிவிடும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களைப் பாருங்கள், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. மழைநீர் நிறைந்த குழியின் ஆழம் தெரியாது என்பதால், முன்னே போகும் ஆட்டோ எங்கே வளைந்து செல்கிறது என்று பார்த்து அதன் தடத்திலேயே போவேன். அந்தத் தெருவின் குழிகள் ஆட்டோக்காரர்களுக்கு மனப்பாடம். அடையாளக் கோடில்லாத வேகத்தடைகளில் நேராக ஏறாமல், பின்னால் யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு சாய்வாக ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்குங்கள்.

நின்றிருக்கும் கார் படும் அடிகள் பெரும்பாலும் மனிதர்களால் வருபவை. எங்கள் தெருவில் பின்னோக்கி வந்த தண்ணீர் லாரி ஒன்று சுவரோரம் நின்ற என் காரின் பின்மட்கார்டை உரசியது. லாரிக்காரர் இறங்கி வந்து, "பார்க்கவே இல்லை சார், இவ்வளவு தாழ்வாக ஒரு கார் இருக்கும் என்று நினைக்கவில்லை" என்றார். அவர் சொன்னது உண்மை. அந்த உயரத்திலிருந்து கண்ணாடியில் இந்தக் கார் தெரியாது. அதன் பிறகு, லாரி வரும் நேரங்களில் காருக்குப் பின்னால் இடுப்பளவு உயரமான ஆரஞ்சு நிறக் கூம்பு ஒன்றை வைக்கிறோம். வைப்பவர் எங்கள் வாட்ச்மேன். அவரிடம் முன்பே, "அண்ணே, தெருமுனை வடிகால் மூடிக்கு மேலே தண்ணீர் வந்தால் எந்த நேரமானாலும் எனக்கு போன் செய்யுங்கள்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். எத்தனையோ நள்ளிரவுகளில் அவர் அழைத்திருக்கிறார். பண்டிகைக்கு மட்டும் அவரை நினைத்துக்கொள்வது நியாயமில்லை. காரின் பாதுகாப்பில் அவர் பங்கு என் பங்குக்குக் குறைந்ததில்லை. தெருவில் பந்து விளையாடும் பிள்ளைகளையும் நான் விரட்டுவதில்லை. உள்ளே உட்காரவைத்துக் காட்டினேன். இப்போது பந்து இந்தப் பக்கம் வந்தால் அவர்களே கத்தி நிறுத்துகிறார்கள். ஹோட்டல்களில் சாவியை வாங்கி நிறுத்தித் தருபவரிடம் மட்டும் கொடுக்க மாட்டேன். "நானே நிறுத்துகிறேன் தம்பி, இடத்தை மட்டும் காட்டுங்கள்" என்றால் யாரும் மறுப்பதில்லை.

கடைசியாக, இப்படி ஒரு காரைப் பழைய சந்தையில் வாங்கப் போகிறவர்களுக்கு. பெருவெள்ளம் வந்த ஆண்டுக்கு அடுத்த சில மாதங்களில் நம்ப முடியாத விலையில் கார்கள் வரும். இருக்கைப் பட்டியை இறுதிவரை இழுத்துப் பாருங்கள், சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக்கோடு ஒளிந்திருக்கும். இருக்கைத் தண்டவாளத்தின் திருகுகளில் துரு, முன்விளக்கின் உட்புறத்தில் ஆவி, பேட்டரிப் பள்ளத்தின் மூலையில் மணல், விரிப்பை மீறி அடிக்கும் வாசனைத் திரவியம் இவற்றில் எது தெரிந்தாலும் விலை பேசாதீர்கள். கூரையைப் பாதி திறக்கச் சொல்லி வடிதுளையைப் பாருங்கள். விற்பவர் அந்தத் துளை எங்கே இருக்கிறது என்று தானாகவே விரலால் காட்டினால், அந்தக் காரை அக்கறையோடு வைத்திருந்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போகலாம்.